மேல்வீட்டுத் தண்ணீர்

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த மேல்வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மேலே தண்ணீர் கொட்டக் கூடாது. கீழே செங்கல் சுவர், மேலே முழுக்கப் பலகை, தரையும் பலகைதான். ஒரு டம்ளர் சாய்ந்தால் கீழே கூடத்தில் சொட்டும். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பம் பிள்ளையை மேலேயே வைத்துக் குளிப்பாட்டியதாம். அன்று சாயங்காலமே மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றார்களாம். சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா இதைச் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் மலாக்காச் செட்டி சமூகத்துப் பெண்மணி, எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து கலந்துவிட்ட தமிழர் வம்சம். சாமி நம்முடைய சாமி, நெற்றியில் திருநீறு. ஆனால் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும், பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் பத்துப் பதினைந்து சொற்களும். எனக்கு இருந்தது ரப்பர் தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கிப் பழகிய அரைகுறை மலாய். மக்சிக் என்று கூப்பிட்டேன். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் மலாயில் அந்த ஒன்று போதும். அவர் பேசியதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அவருடைய இழுத்துப் பேசும் பேச்சை அப்படியே எழுத எனக்கு வராது.

அந்த வீட்டை விட்டால் போக இடமில்லை என்பதில்லை. தோட்டம் இருந்தது. எனக்குப் பயமே அதுதான். தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான் என் முதல் பிள்ளை போனது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்த நேரம், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, தோட்டத்து வேலிக் கேட்டைத் திறக்க மாட்டார்கள். கேட்டை மூடிய பிறகு எனக்கு வலி எடுத்தது. மறுநாள் லாரி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து இரண்டாவது வயிற்றில் தங்கியதும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எலிப் பொந்தா இருந்தாலும் பரவால்ல, அங்க கூட்டிப் போங்க. இல்லாட்டி நான் பெத்துக்கவே மாட்டேன்."

"வயித்துல வந்தப்பறம் பெத்துக்க மாட்டேன்னா எப்படி?" என்றார். கேலி பேசினாலும் மனிதர் காதில் போட்டுக்கொண்டார். பால் வெட்டுவதை விட்டுவிட்டு மலாக்கா டவுனில் பஸ் கண்டக்டராகச் சேர்ந்தார். இந்த மேல்வீட்டைப் பிடித்தார். வாசலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று சக்கர ட்ரைஷாவில் பத்து நிமிஷம். குடிவந்த இரண்டாம் நாளே அவரை ட்ரைஷாவில் ஏற்றி, போய் வரச் சொல்லி நேரம் பார்த்தேன். பிள்ளை பிறக்கும்வரை அந்த ஓர் அறை என் கையை விட்டுப் போகக் கூடாது. அதற்கு மேல் கடவுளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த அறையை வீடாக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய தமிழ்ப் பேப்பர்களைக் கஞ்சிப் பசையில் தோய்த்துப் பலகைச் சுவரில் ஒட்டினேன். காற்று நின்றது, ஆனால் படுத்துக்கொண்டே படிக்க வசதியாகப் போய், நடுவில் பாதி கிழிந்திருந்த கொலைச் செய்தி ஒன்றின் மிச்சம் என்னவென்று தெரியாமல் மாதக்கணக்காகத் தவித்தேன். கிழிந்த சேலையை மறைப்பாகக் கட்டி, கட்டிலுக்கு ஒரு பக்கம், அடுப்புப் பெட்டிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தேன். சமையல் கீழே பின்கட்டில்தான். மேலே காப்பி போட மட்டும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பலகை இடுக்குகளில் துணிக் கீற்றுகளைச் சுருட்டிச் செருகி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி விட்டேன். கட்டிலுக்கு அடியில் மட்டும் குனிய முடியவில்லை, வயிறு இடித்தது. அதை அப்படியே விட்டேன்.

எந்தப் பலகை கிரீச்சிடும், எது சத்தம் போடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நடக்கும்போது என் வீட்டுக்காரரை, "அந்தப் பக்கமா வாங்க, இந்தப் பக்கமா வாங்க" என்று விரட்டிக்கொண்டே இருப்பேன். குடிதண்ணீர்ப் பானையை ஒரு பேசினில் வைத்து, பேசினைக் கோணிச் சாக்கின் மேல் வைத்திருந்தேன். அவர் கை கழுவினால் நானே கையடியில் சட்டியைப் பிடிப்பேன்.

"மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை கெடைக்காது" என்பார்.

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல. சொட்டுத் தண்ணி கீழ போச்சு, நம்ம கதை முடிஞ்சிரும்" என்பேன். இரவில் மழை பெய்தால் ஓட்டுக்கூரை ஒழுகுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். அவர் குறட்டை விடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

மக்சிக் கெட்டவர் இல்லை. புருஷன் எப்போதோ இறந்துவிட்டார். இருந்தது ஒரே மகன். கஸ்டம்ஸில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கிளேபாங் பக்கம் நண்பர்களோடு படகில் போனவன், படகு கவிழ்ந்து கடலோடு போய்விட்டான். மற்ற மூன்று பேரும் கரையேறினார்கள். இவன் உடல் கிடைக்கவே இல்லை. கூடத்தில் அவன் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு டின் சிகரெட்டைத் துடைத்து வைப்பார். "பொதைக்கவும் இல்ல, எரிக்கவும் இல்ல. வீட்டுக்கு வழி தெரியாம எங்க அலையறானோ" என்று ஒருநாள் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் என் முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. அழுகையைச் சாக்கிட்டு அவர் மனசில் இடம்பிடிக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது தோட்டத்திலிருந்து தாக்கல் வந்தது. என் வீட்டுக்காரரின் பெரியப்பா இறந்துவிட்டார். கர்ப்பிணி இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் போய் வந்தார். பதினாறாம் நாள் காரியம். அன்றைக்கு வீட்டைக் கழுவிவிட்டால்தான் தீட்டுக் கழியும். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வோம்.

"ஈரத் துணியால தொடச்சா போதாதா?" என்று கேட்டார், காரியத்துக்குக் கிளம்பும்போது.

"போதுமா போதாதான்னு எனக்குத் தெரியும். நீங்க போயிட்டு வாங்க."

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. முதல் பிள்ளை போனதும் இப்படி ஒரு தீட்டு மாதத்தில்தான். பக்கத்து லயத்தில் சாவு விழுந்தது; எனக்கு உடம்பு முடியாமல் வீட்டைக் கழுவாமல் விட்டிருந்தேன். ஊரடங்கும் லாரியும்தான் காரணம் என்று புத்தி சொல்லும். அடிவயிற்றில் பிள்ளை உதைக்கும்போது புத்தி எங்கே பேசுகிறது? கழுவாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது, கழுவினால் வீட்டுக்கு ஆகாது. அன்று காலை முழுதும் வாளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கீழே விடியற்காலையிலிருந்தே ஒரே சமையல். மக்சிக்கின் தம்பி மனைவியும் அவர் மகள்களும் வந்திருந்தார்கள். கறி வாசனை, தேங்காய்ப்பால் சோற்று வாசனை, டுரியான் வாசனை, சாம்பிராணி எல்லாம் பலகை வழியே ஏறி வந்தன. பர்ச்சு என்றார்கள். ஏதோ கோயில் படையல், தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பகல் இரண்டு மணி இருக்கும், கூடத்திலிருந்து எல்லாரும் பின்கட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. கதவுகளைச் சாத்தினார்கள். பிறகு சத்தமே இல்லை. கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள், இதுதான் சமயம் என்று எழுந்தேன்.

வாளியில் பாதிதான் தண்ணீர். ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். கையால் தெளித்து, தெளித்த இடத்தை உடனே துடைத்துக்கொண்டே போவது என்றுதான் திட்டம். மூன்று பலகை அப்படித்தான் செய்தேன். பிறகு பிறந்ததிலிருந்து சிமெண்டுத் தரையில் பழகிய கை, என்னைக் கேட்காமலே வாளியைச் சாய்த்து ஒரு வீச்சு வீசிவிட்டது. தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடியது. நான் துணி செருகாத இடத்துக்கு.

கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, சேலையை அவிழ்த்து அதாலேயே ஒற்றினேன். ஒற்றிக்கொண்டே இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கூடம் காலியாக இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. குத்துவிளக்கு எரிந்தது. தரையில் வரிசையாக ஏழு வாழையிலை. சோறு, கறி, பலகாரம், பழம். கடைசி இலைக்குப் பின்னால் அந்தக் கஸ்டம்ஸ் பிள்ளையின் படம் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் சிகரெட் டின். அந்த ஓர் இலைமேல் மட்டும் என் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பர்ச்சு என்றால் என்னவென்று புரிந்தது. அவர்கள் எங்கும் போகவில்லை. செத்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டில் காத்திருக்கிறார்கள். நான் இழவுத் தீட்டுக் கழுவிய தண்ணீர் அவர் மகன் சோற்றில் விழுந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தேன் என்று தெரியாது. தரையைத் துடைத்து, பாயை விரித்து மறைத்து, வேறு சேலையைச் சுற்றிக்கொண்டேன். கொசுவம் நிற்கவில்லை. கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கூச்சல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படிக்கட்டில் காலடி வந்தது. மக்சிக் வாசலில் நின்றார்.

"மேல தண்ணி கொட்டுனியா?"

"இல்ல மக்சிக்."

"ஒரு சொட்டுகூட?"

"இல்ல."

அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோணிச் சாக்கின் மேல் பேசினில் இருந்த பானையைப் பார்த்தார். இத்தனை மாதமும் நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் காத்த கட்டுப்பாடு முழுதும் அந்த நேரத்தில் எனக்குச் சாட்சியாக நின்றது. மக்சிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வந்துட்டான்" என்றார். "மத்த எலை எல்லாம் காஞ்சு கெடக்கு. அவன் எலை மட்டும் நனைஞ்சிருக்கு. கடல்லேருந்து நேரா வந்திருக்கான், தண்ணி சொட்டச் சொட்ட."

நான் வாயைத் திறந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நீ வந்த ராசி. பிள்ள பொறந்தாலும் இங்கயே இரு. யாரும் ஒன்னப் போகச் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

காரியம் முடிந்து திரும்பிய என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"நாளைக்குச் சொல்லிடறேங்க. என்னால முடியல."

"சொல்லிட்டு? தம்பினுக்கு மூட்டையைத் தூக்கப் போறியா? பெத்துப் பொழைச்சு வா, அப்பறம் சொல்லு. அந்தம்மா சந்தோஷமாத்தானே இருக்கு, அதுல ஒனக்கு என்ன வந்துச்சு?"

அவர் சொன்னது சரி என்றே வைத்துக்கொண்டேன். நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் ஊரே திரண்டது. நான் ஒன்பது மாத வயிற்றோடு கீழே மக்சிக்கின் ரேடியோ பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டேன். அவர் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பட்டப்பகலில் வலி எடுத்தது. ட்ரைஷாவில் பத்து நிமிஷம். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தாள். முதலில் அழுதது அவளா நானா என்று தெரியவில்லை.

பிள்ளையைக் கீழே கூடத்தில் குளிப்பாட்டியது மக்சிக். மருந்து அரைத்துக் கொடுத்தது மக்சிக். அவர் முகமே மாறிப் போயிருந்தது. கோயிலில், பாசாரில், கல்யாண வீட்டில், பார்க்கிறவரிடமெல்லாம் மகன் வந்து சாப்பிட்டுப் போன கதையைச் சொன்னார். கதை வளர்ந்தது, கால் தடத்தைப் பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டார். அவர் தம்பி நம்பவில்லை. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வீட்டை விற்று அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதுதான் நல்லது என்று சொல்லத் தொடங்கினார். அடுத்த பர்ச்சுக்கு நான் வந்து என் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மக்சிக் சிரித்தார். "வந்து பாக்கட்டும்" என்றார்.

எனக்கு மறுபடியும் தூக்கம் போனது.

இந்தத் தடவை எங்களுக்கு அந்த வீடு தேவைப்படவில்லை. என் வீட்டுக்காரருக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கூடவே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், தரையெல்லாம் சிமெண்டு. பர்ச்சு முடிந்து ஒரு மாதத்தில் போகிறோம். சொல்வதற்கு எனக்கு இனித் தடையே இல்லை. மூன்று தடவை கீழே இறங்கினேன். ஒரு தடவை, மகனுக்குப் பிடித்த பலகாரத்தை வாயில் ஊட்டி, உப்பு சரியா என்று கேட்டார். இன்னொரு தடவை, இஸ்திரி போட்ட அவன் சட்டையைக் கையில் கொடுத்து, மடிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை என் பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது?

பர்ச்சு நாளன்று தம்பி காலையிலேயே வந்துவிட்டார். இலைகளைத் தானே ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டார். சோறு வைத்து, விளக்கேற்றி, எல்லாரும் பின்கட்டுக்குப் போனார்கள். கதவுகளைச் சாத்துகிற சத்தம் மேலே கேட்டது.

பிள்ளை தூங்கினாள். நான் கட்டிலை ஓசைப்படாமல் நகர்த்தினேன். இடுக்கு வழியாகக் கடைசி இலை தெரிந்தது, காய்ந்து. போன வருஷம் நான் பொய் சொன்னது எனக்காக. இப்போது யாருக்காக என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கை எடுத்தேன். சுத்தமான தண்ணீரை மொண்டேன். செத்துப்போனவனே, என்னை மன்னித்துவிடப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஒரு சொட்டும் குறி தவறவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கதவு திறந்தது. பிறகு தம்பியின் குரல், "அக்கா" என்று மட்டும். அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதது பலகை வழியே கேட்டது. வீட்டை விற்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மக்சிக் அழவில்லை. அன்று மாலை படியேறி வந்து, அந்த இலையிலிருந்த பலகாரத்தில் ஒன்றை என் பிள்ளையின் உதட்டில் தடவினார்.

ஒரு மாதம் கழித்து மூட்டை கட்டினோம். மக்சிக் கூடமாட எல்லாம் எடுத்துக் கொடுத்தார். சாவியை அவர் கையில் வைத்தபோது, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"மேல்வீட்ட யாருக்கு விடப் போறீங்க மக்சிக்?"

"யாருக்கும் இல்ல. இனிமே யாரையும் வைக்கிறதா இல்ல" என்றார். "அவன் வந்து போற வீடு. தலைக்கு மேல ஆள் நடந்தா அவனுக்குத் தொந்தரவா இருக்கும்."

பிள்ளையை என் இடுப்பில் சரியாக உட்கார்த்திவிட்டு, அடுத்த பர்ச்சுக்குக் கண்டிப்பாக வரச் சொன்னார். ஆளில்லாமல் பூட்டப் போகிற மேல்வீட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வருகிறேன் என்றேன்.